ஐம்பத்தாறுக்கு முறைப்பாடு இல்லை

ஹுஸ்னியா மாடிப்படி ஏறி வந்தபோது அவளுக்கு முன்னால் ஒரு பெரிய உரப்பை வந்தது. அதை வாசலுக்குள் தள்ளிவிட்டுத்தான் அவள் உள்ளே வந்தாள். கல்முனைப் பிரதான வீதியில், பாதணிக் கடை ஒன்றுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன அலுவலகத்தில் மெல்ரொய் துள்ளி எழுந்து கதிரையைத் துடைத்தான். கதிரையில் தூசி ஒன்றும் இல்லை. புது வழக்கு ஒன்று வாசலுக்கு வந்துவிட்டால் அவன் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

யசோதினி எழும்பவில்லை. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் பார்த்து, எது விபத்து எது நாடகம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறாள். பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், யாரையும் அதட்டமாட்டாள், தேநீரை ஆறவிட்டே குடிப்பாள். மெல்ரொய் கூரியர் வேலையை விட்டு அவளிடம் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவன் தொலைத்த பார்சல் ஒன்றை அவள் இருந்த இடத்தை விட்டு அசையாமலே கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து, சூரியன் மேற்கில் உதிக்கும் என்று அவள் சொன்னாலும் அவன் போய் ஜன்னலைத் திறந்து பார்ப்பான்.

"மிஸ், இந்தப் பைக்குள்ள இரிக்கிறது என்ட மானம்," என்றாள் ஹுஸ்னியா.

பைக்குள் இருந்தவை அபாயாக்கள், முஸ்லிம் பெண்கள் உடுத்தும் நீள அங்கிகள். ஒவ்வொன்றிலும் திருப்பி அனுப்பியவரின் துண்டு ஒட்டியிருந்தது. சாய்ந்தமருதுக்காரியான ஹுஸ்னியா, நாடு முழுக்க ஆட்கள் பொருள் வாங்கும் பெரிய இணையச் சந்தை ஒன்றில் அபாயாக் கடை நடத்துகிறாள். தைத்துப் பொதி கட்டுவது அவளுடைய பங்காளி றுஸ்னா. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இருவரும்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் புது வகைகள் போட்டம். போட்ட நாள்லயிருந்து சனியன் புடிச்சிட்டு. அறுபது அங்குல நீளம் கேட்ட ஆளுக்கு ஐம்பத்திரண்டு போகுது. உயரமான பொம்பிளை உடுத்தா முழங்காலுக்குக் கீழ கொஞ்சந்தான் வருதாம். படம் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணத்தச் சொல்லி, பிழையத் திருத்தாட்டிக் கடையப் பூட்டுறதாம் எண்டு சந்தைக்காரங்க அறிவிச்சிட்டாங்க. பெருநாளைக்கு முதல் பூட்டினா, பிறகு திறந்தென்ன, திறக்காட்டி என்ன?"

"இண்டைக்கு வியாழன்," என்றான் மெல்ரொய், அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தவன் போல.

"யாரில சந்தேகம்?" என்று யசோதினி கேட்டாள்.

ஹுஸ்னியா உரப்பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள். பிறகு, "சொல்ல வாய் கூசுது மிஸ். றுஸ்னாவக் கொழும்புக் கடைக்காரர் ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டிரிக்கார். எங்கட கடை விழுந்தா அவளுக்குப் போறது லேசு. பொதி கட்டுறதும் அவதானே. நேத்து முகத்துக்கு நேரயே கேட்டுட்டன். இப்ப கதை பேச்சு இல்ல."

"பொருட்களச் சந்தையில போடுறது ஆர்?"

"ஜெஸீம் காக்கா," என்றாள் ஹுஸ்னியா. அவள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். "டோஹாவில எட்டு வருஷம் பெரிய ஸ்டோர் ஒண்டுல இதே வேலை செஞ்சவர். எங்கட வகை எல்லாத்தையும் ஒண்டொண்டாப் போடப்போனா, பெருநாள் போய் அடுத்த பெருநாளும் வந்திரும் மிஸ். சந்தைக்காரங்க ஒரு எக்ஸெல் பைல் தருவாங்க. ஒரு வகைக்கு ஒரு வரி. பேர், படம், விலை, பிறகு ஐம்பத்திரண்டுலயிருந்து அறுபது வரைக்கும் ஐஞ்சு சைசுக்கு ஐஞ்சு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் றுஸ்னா பொதியில ஒட்டியிரிக்கிற நம்பரப் போடணும். நிரப்பி ஒரு தட்டுத் தட்டினா, முழுக் கடையும் ஒரே நிமிஷத்துல புதுசாகிரும்!"

சொல்லும்போதே அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. கண்ணீருக்கு நடுவிலும் தன் தொழிலைப் பற்றிப் பெருமைப்படுகிற ஆட்களை மெல்ரொய்க்கு எப்போதும் பிடிக்கும்.

யசோதினி உரப்பையைத் தரையில் கொட்டச் சொன்னாள். மெல்ரொய் துண்டுகளை உரக்க வாசித்தான். "கேட்டது அறுபது, வந்தது ஐம்பத்திரண்டு. கேட்டது ஐம்பத்துநாலு, வந்தது ஐம்பத்தெட்டு. கேட்டது ஐம்பத்திரண்டு, வந்தது அறுபது." அவன் வாசிக்க வாசிக்க யசோதினி அவற்றைக் குவியல்களாகப் பிரித்தாள். கடைசியில் நாலு குவியல்.

"ஐம்பத்தாறு எங்க?"

"ஐம்பத்தாறு ஒண்டும் திரும்பி வரல்ல மிஸ்."

"அந்த அளவு ஓடுறதில்லையோ?"

"என்ன கதை! அதுதானே ஆகக்கூட ஓடுற சைஸ்."

யசோதினி ஆறிய தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். "புது வகைகளில எல்லாத்திலயும் பிழையா?"

ஹுஸ்னியா போனைத் தடவிப் பார்த்தாள். "இல்ல மிஸ். பட்டியல்ல மேல இரிக்கிற வகைகள் சரியாப் போகுது. கீழ இரிக்கிறதுலதான் இந்தக் கூத்து."

"நல்லது," என்றாள் யசோதினி. அதில் என்ன நல்லது என்று மற்ற இருவருக்கும் விளங்கவில்லை.

நற்பிட்டிமுனைக்குப் போகிற வழி முழுக்க, ஸ்கூட்டியின் பின்னால் இருந்தபடி மெல்ரொய் றுஸ்னாவைக் குற்றவாளியாக்கிக்கொண்டே வந்தான். இரண்டு பக்கமும் வயல், காற்றில் அவன் சொன்னதில் பாதி பறந்துபோனது.

றுஸ்னாவின் தையலறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. றுஸ்னா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசினாள். "ஹுஸ்னியா அனுப்பினவவா? வாங்க. எல்லாத்தையும் திறந்து பாருங்க. ஒளிக்கிறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்ல."

சுவர் நீளத்துக்கு அடுக்குகள். ஒவ்வொரு அபாயாவும் மடித்து ஒட்டிய பொதிக்குள் இருந்தது. பொதிக்கு மேலே இலக்கம் மட்டும்.

"சைஸ் எழுதிறதில்லையா?" என்று மெல்ரொய் மடக்கினான்.

"நான் வெட்டுற ஒழுங்குலதான் நம்பர் போடுறன். எந்த வகைக்கு எந்த சைசுக்கு எந்த நம்பர் எண்டு தாள்ல எழுதிக் காக்காக்குக் குடுத்திரிக்கி. ஓடர்த் துண்டுல நம்பரும் விலாசமுந்தான் வரும். நான் நம்பரப் பார்த்து எடுத்துக் குடுக்கிறன். அறுபது கேட்டதா, ஐம்பத்திரண்டு கேட்டதா எண்டு எனக்கென்ன தெரியும்?"

யசோதினி அன்று வந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதிலிருந்த இலக்கப் பொதியை மெல்ரொய் எடுத்தான். இலக்கம் அச்சொட்டாகப் பொருந்தியது. அந்த ஓடரைப் பற்றி ஹுஸ்னியாவிடம் போனில் கேட்டார்கள். வாங்குகிறவள் கேட்டிருந்தது ஐம்பத்தெட்டு. பொதியைப் பிரித்தார்கள். உள்ளே ஐம்பத்துநாலு. றுஸ்னா தன்னிடம் வைத்திருந்த தாளின் பிரதியிலும் அந்த இலக்கம் ஐம்பத்துநாலின் கீழேதான் இருந்தது. யசோதினி அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப இந்த அறையில எல்லாம் சரி," என்றாள் யசோதினி.

றுஸ்னா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "இத அவக்கிட்டச் சொல்லுங்க மிஸ்," என்றாள். "கொழும்புக்குப் போறதெண்டா நான் எப்பயோ போயிரிப்பன்."

வெளியே வந்ததும் மெல்ரொய் ஒரு கணமும் தாமதிக்காமல் கட்சி மாறினான். "அக்கா, ஜெஸீம்தான்! வேற ஆர் மிச்சம்?"

ஜெஸீமின் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. முற்றத்தில் பப்பாளி மரம் ஒன்று. அதில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இலைதான் மருந்துக்கும் இல்லை, உச்சியில் ஒரு குருத்து மட்டும். யசோதினி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மெல்ரொய்யும் பார்த்தான். காய் நல்ல காய்தான் என்று அவன் நினைத்தான்.

ஜெஸீம் நாற்பதைக் கடந்தவர். சேட்டு அவருடைய தோளில் ஆணியில் கொளுவியது போலத் தொங்கியது. கண் குழி விழுந்திருந்தது. இடது புறங்கையில் கன்றிப்போன பழைய நீலம் ஒன்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இரவிரவாக வேறு கடைக்கும் வேலை செய்கிறார் என்று மெல்ரொய் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதினான்.

"பைல் நான் செஞ்சது. முழுக்க நான்தான்," என்றார் ஜெஸீம், யாரும் கேட்பதற்கு முன்பே. "டோஹாவில என்ட பைல்ல ஒரு பிழை புடிச்சவன் இல்ல."

"அத ஹுஸ்னியாவும் சொன்னா," என்றாள் யசோதினி. "ஒருக்காப் பார்க்கலாமா?"

அவர் மடிக்கணினியைத் திறந்தார். டோஹாவிலேயே வாங்கிய மெஷின். திரையில் அறபு எழுத்துகள். ஜெஸீமின் கை தயங்காமல் திரையின் வலது கீழ் மூலைக்குப் போய், கோப்பைத் திறந்தது. அவருடைய மனைவி ஸஜானா தேநீரோடு வந்தாள்.

"தங்கச்சி, அதில நேரம் என்னெண்டு பாருங்கோ. என்ட போன் செத்துப்போச்சு," என்றாள் யசோதினி.

அந்த போன் அப்போதுதான் பையில் ஒருமுறை அதிர்ந்தது மெல்ரொய்க்குக் கேட்டது. ஸஜானா குனிந்து திரையின் வலது மூலையைப் பார்த்தாள். அங்கே இல்லை. பிறகு அவளுடைய கண் இடது மூலைக்கு நடந்தது. "பதினொண்டரை, மிஸ்." மணிக்கூட்டை இடப்பக்கம் வைத்த கணினியை மெல்ரொய் அன்றைக்குத்தான் கண்டான். அது ஒரு விநோதம் என்று நினைத்தானே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை.

யசோதினி கோப்பைக் கீழே கீழே நகர்த்தினாள். தலைப்பு வரி மேலே ஏறி மறைந்துபோனது. வரிவரியாக இலக்கங்கள், ஒவ்வொரு வரியின் வலது கோடியிலும் வகையின் பெயர். அவள் றுஸ்னாவின் தாளை மடியில் வைத்து நீண்ட நேரம் ஒப்பிட்டாள். பிறகு தாளை மடித்தாள். "லுஹர் தொழுதுட்டு ரெண்டு பேரும் நற்பிட்டிமுனைக்கு வாங்கோ. லெப்டொப்பையும் கொண்டுவாங்கோ. ஹுஸ்னியாவும் வருவா."

தையலறையில் மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். ஹுஸ்னியா ஒரு கோடியில், றுஸ்னா மறு கோடியில். நடுவில் வெட்டு மேசை, அதன் மேல் மடிக்கணினி. ஜெஸீம் மூச்சு வாங்கியபடி கதிரையில் இருந்தார். ஸஜானா அவருக்குப் பின்னால் நின்றாள். மெல்ரொய் கதவை மறித்து நின்றான், குற்றவாளி ஓடினால் பிடிப்பதற்கு.

"ஒராள் வேணுமெண்டு கெடுக்க நினைச்சா கண்டபடி கலக்குவார்," என்று யசோதினி தொடங்கினாள். "இங்க ஒண்டும் கலங்கேல்ல. அறுபதும் ஐம்பத்திரண்டும் இடம் மாறியிருக்கு. ஐம்பத்தெட்டும் ஐம்பத்துநாலும் இடம் மாறியிருக்கு. நடுவில நிக்கிற ஐம்பத்தாறு மட்டும் அசையேல்ல. ஐஞ்சு பேர் வரிசையா நிண்டு கண்ணாடியப் பார்த்தா, இந்தக் கரையில நிக்கிறவர் அந்தக் கரைக்குப் போவார். நடுவில நிக்கிறவர் நடுவிலயே நிப்பார். நான் தேடினது ஒரு கண்ணாடிய."

அவள் மடிக்கணினியை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினாள்.

"இதுதான் அது. அறபு மெஷின். எல்லாம் வலப்பக்கத்தில தொடங்கும். மணிக்கூடும் அதாலதான் இடப்பக்கம். முதலாவது கட்டம், ஐம்பத்திரண்டு, வலப்பக்கம் இருக்கும். அறுபது இடக்கோடியில. றுஸ்னாட தாளில அது மற்றப் பக்கமா, ஐம்பத்திரண்டு இடக்கோடியில. தாளில இடமிருந்து வாசிச்சு, திரையிலயும் இடமிருந்தே போட்டுக்கொண்டு போனா, எல்லாம் தலைகீழ்."

"பிடிச்சுட்டம்!" என்றான் மெல்ரொய். "அப்ப ஜெஸீம் அண்ணன்தான்."

"எட்டு வருஷம் இதோட பழகின மனுசன் அந்தப் பிழைய விடுவாரோ? அவர்ர கை கண்ணை மூடிக்கொண்டே வலப்பக்கம் போகுது. அதோட, மேல் வரிகள் சரி, கீழ் வரிகள் பிழை. அது ஒரு கையில்ல, ரெண்டு கை." யசோதினியின் குரல் தணிந்தது. "முற்றத்துப் பப்பாளி மரத்தில காய் இருக்கு, இலை இல்ல. டெங்குக் காய்ச்சல் வந்த வீட்டிலதான் இலை எல்லாத்தையும் பிடுங்கிச் சாறு பிழிஞ்சு குடுப்பாங்க. காக்காட புறங்கையில இருக்கிறது சேலைன் ஏத்தின நீலம். முதல் பாதிய அவர் போட்டார். அதோட காய்ச்சல் வந்திட்டு. வார்ட்டில கிடந்த மனுசன் மிச்சத்தப் போட்டிருக்கேலாது."

மெல்ரொய் மெல்லக் கதவை விட்டு விலகினான்.

"தங்கச்சி," என்றாள் யசோதினி, "நேரம் பாக்க உங்கட கண் முதல்ல வலப்பக்கம் போச்சு. அந்த மெஷின் உங்களுக்குப் புதுசு."

ஸஜானா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, ஹுஸ்னியாவை நேராகப் பார்த்தாள். "நான்தான் போட்டன், ராத்தா," என்றாள், அக்காவிடம் ஒப்புக்கொள்வது போல. "இவருக்கு ஒண்டும் தெரியா. நினைவில்லாமப் படுத்துக் கிடந்தார். பைல் முடியாட்டி வேலை வேறாளுக்குப் போயிரும் எண்டு பயந்து, வார்ட்டால வந்து வந்து போட்டன். வலப்பக்கம் பேர் இரிக்கிறது எனக்குப் புதுமையாத் தெரியல்ல. சின்னதுலயிருந்து குர்ஆன் ஓதுற கண்தானே. ஆனா நம்பர் எண்டா எந்தப் பாஷையிலயும் இடப்பக்கத்தாலதானே வாசிக்கிற? அப்பிடியே போட்டுட்டன். தலைப்பு மேல மறைஞ்சி போயிரிந்தது. ஏறிப் பார்க்கோணும் எண்டு தோணல்ல."

"எழும்பினதும் நானே பைலச் சந்தையில ஏத்தினன். திருப்பிப் பார்க்கல்ல," என்றார் ஜெஸீம் தரையைப் பார்த்தபடி. "முறைப்பாடு வந்ததும் விளங்கிட்டு. திருத்தினா எப்பிடிப் பிழைச்சதெண்டு கேள்வி வரும், இவட பேர் வெளிய வரும் எண்டு பயந்து, பைல்ல கை வைக்காமப் பேசாம இருந்துட்டன். பிழை என்டது, ஹுஸ்னியா."

ஹுஸ்னியாவுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது வேறு. "காக்கா, டெங்கு எண்டு ஒரு வார்த்தை சொல்லியிரிந்தா, நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்திரிப்பனே! இந்தா இரிக்கிற சாய்ந்தமருதுதானே!" என்று அழுதுவிட்டாள்.

"இன்னொண்டும் சொல்லோணும்," என்றாள் யசோதினி. அவள் யாரையும் இலேசில் புகழ்வதில்லை என்பது மெல்ரொய்க்குத் தெரியும். "நான் றுஸ்னாட தாளோட வரிவரியா ஒப்பிட்டுப் பார்த்தன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஓடி, நித்திரையில்லாம, முன்பின் தொடாத மெஷினில இந்தப் பிள்ளை போட்ட இலக்கங்களில ஒண்டுகூடப் பிழையில்ல. ஒரு இலக்கம்கூட விடுபடேல்ல. திசை மட்டுந்தான் மாறியிருக்கு. கெட்டித்தனமெண்டா இதுதான். அதால திருத்திறதும் சுகம். காக்கா, கீழ் வரிகளத் திருப்பிப் போடுங்கோ."

ஜெஸீம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை நோயாளியாக இருந்தவருடைய விரல்கள் விசைகளில் ஓடத் தொடங்கின. கீழ்ப்பாதியை அப்படியே தெரிவு செய்து, கட்டங்களை அள்ளி, கரைக்குக் கரை மாற்றினார். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் ஒன்றாகப் புரண்டு தங்கள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. மெல்ரொய் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நகையாசாரியின் மேசைக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது அவனுக்கு. கடைசியாக ஜெஸீம் தலைப்பு வரியை எவ்வளவு கீழே போனாலும் மறையாதபடி கட்டிவைத்து, மனைவிக்குக் காட்டினார். "இனி இது ஓடாது," என்றார். ஸஜானா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

கோப்பை ஏற்றினார்கள். விளக்கத்தை யசோதினி சொல்லச் சொல்ல ஹுஸ்னியா எழுதி அனுப்பினாள். எங்கே பிழை வந்தது, எப்படி வந்தது, பிழையான பொதி கிடைத்த ஒவ்வொருவருக்கும் சரியான அபாயா கடையின் செலவிலேயே போகும் என்பது வரை. பிறகு காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. ஹுஸ்னியா மேசையைச் சுற்றி வந்து, றுஸ்னாவுக்குப் பக்கத்தில் நின்று, மாற்றி அனுப்ப வேண்டிய அபாயாக்களை மடிக்கத் தொடங்கினாள்.

"உனக்கு மடிக்கத் தெரியா," என்றாள் றுஸ்னா.

"தெரியாதுதான். கதைக்கவும் தெரியா. நேத்துக் கதைச்சத மன்னிச்சிக்க."

றுஸ்னா அவள் மடித்ததைப் பிரித்து, சரியாக மடித்து, அடுத்ததை அவளிடமே நீட்டினாள்.

பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்த கையோடு சந்தையிலிருந்து பதில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், கடை திறந்தே இருக்கும். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஹுஸ்னியா கத்தியதில் தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். அந்தச் சந்தோசம் அடங்குவதற்குள் போன் மறுபடி ஒலித்தது. புது ஓடர். பட்டியலின் அடியில் இருக்கிற வகை ஒன்று. கேட்டிருந்த அளவு அறுபது.

றுஸ்னா துண்டைப் பார்த்து, அடுக்கிலிருந்து பொதியை எடுத்தாள். ஒட்டிய பொதியை அவள் ஒருநாளும் பிரிப்பதில்லை. இன்றைக்குப் பிரித்தாள். அபாயாவை மேசையில் விரித்து, அளவு நாடாவின் ஒரு நுனியைத் தோளில் வைத்து அழுத்தினாள். மற்ற நுனியைத் தூக்கி ஸஜானாவிடம் நீட்டினாள்.

"புடிங்க. நீங்கதானே இனி எங்கட பைலப் பாக்கப்போறீங்க."

ஸஜானா ஜெஸீமைப் பார்த்தாள். அவர் சிரித்தார். அவள் நாடாவைக் கீழ் விளிம்பு வரை இழுத்துப் பிடித்து, குனிந்து, மேலிருந்து கீழாக ஒரு தடவையும் கீழிருந்து மேலாக ஒரு தடவையும் வாசித்தாள்.

"அறுபது," என்றாள்.